சத்தத்திற்கு ஜாதி உண்டா?

(திருவாலங்காட்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் பக்கத்து வீட்டுச் சத்தம் என்பதாகும். தலைவர் அதைச் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். கடவுள், மதம், சாஸ்திரம், ஜாதி என்று பெரிய சங்கதிகளைப் பேச வேண்டிய மேடையில், மேல்மாடிக்காரன் நாற்காலி இழுக்கிறதைப் பற்றியா பேசுவது என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் பகலெல்லாம் உழைத்துவிட்டு இராத்திரியில் தன் வீட்டில் தூங்குவதற்கு அவனுக்குப் பாத்தியம் உண்டா இல்லையா என்பது சின்ன சங்கதி அல்ல. அந்தப் பாத்தியம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கிறபோது, நாம் ஒழிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிற ஜாதி ஆணவமும், மதச் செருக்கும், ஆண்பிள்ளை அதிகாரமும் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கின்றன. ஆகையால் சிரித்தவர்களும் சற்றுப் பொறுமையாய்க் கேட்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரிலிருந்து எத்தனையோ வாலிபர்கள் ரயிலேறி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போகின்றார்கள். போகிறவர்களில் பலர் அங்கேயே அடுக்குமாடி வீடுகளில் வாடகைக்குக் குடியேறிவிடுகின்றார்கள். கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் மற்றொரு வீட்டுக்கும் நடுவில் சந்து இருக்கும், திண்ணை இருக்கும், மாட்டுக் கொட்டகை இருக்கும், ஒரு வேப்பமரமாவது இருக்கும். அடுக்கு வீட்டில் அதெல்லாம் ஒன்றும் இல்லை. அங்கே ஒருவனுடைய தரைதான் மற்றொருவனுடைய கூரை. ஒருவன் படுக்கிற சுவரில்தான் அடுத்தவன் டெலிவிஷனை மாட்டியிருக்கின்றான்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எல்லைத் தகராறு என்றால் என்னவென்று நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சித்தூர் ஜில்லாவில் இருந்த இந்தத் திருத்தணி வட்டாரம், எவ்வளவோ கிளர்ச்சிக்குப் பிறகு 1960-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அந்தத் தகராறைப் படத்தில் கோடு போட்டுத் தீர்க்க முடிந்தது. சத்தத்துக்குக் கோடு போட முடியாது. அது சுவரைக் கேட்டுக்கொண்டு வருகிறதில்லை. என் வீடு, என் காசு, நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று பேசுகிறவன், தன் வீட்டுச் சாமானைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுகிற மாதிரி தன் வீட்டுச் சத்தத்தையும் உள்ளேயே வைத்துக்கொள்ள முடியுமானால் தாராளமாய் அப்படிப் பேசட்டும். முடியாதவரை அந்தப் பேச்சு செல்லாது.

சரி, தூக்கம் கெட்டவன் என்ன செய்கின்றான்? பலர் ஒன்றும் செய்கிறதில்லை. தலையெழுத்து என்று தலையணையைக் காதில் வைத்துக்கொள்ளுகின்றான். இன்னும் சிலர் இருக்கின்றார்கள். மேல்மாடிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்பதை விட்டுவிட்டு ஜோசியனிடம் போகின்றார்கள். அவன் சனி பார்க்கிறான் என்கின்றான்; வாஸ்துக்காரன் கட்டிலைத் தெற்கு வடக்காகத் திருப்பு என்கின்றான். கட்டிலை எந்தத் திசையில் திருப்பினாலும் தலைக்கு மேலே இராத்திரி பதினொரு மணிக்கு ஓடுகிற மாவரைக்கிற கிரைண்டர் நிற்குமா என்று கேட்கின்றோம். மற்றும் சிலர் பதிலுக்குப் பதில் என்று தங்கள் ரேடியோவைப் பெரிதாக வைக்கின்றார்கள். அதனால் இருவருக்கும் தூக்கமில்லாமல் போவதோடு, இரண்டுக்கும் நடுவிலுள்ள மூன்றாவது வீட்டுக்காரனும் சாகின்றான்.

ஆனால் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது வேறு. சத்தம் வந்தவுடன் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி எவ்வளவு சத்தம், எத்தனை மணிக்கு என்பதல்ல. யாருடைய சத்தம் என்பதேயாகும். சொந்த வீட்டுக்காரர் விடியற்காலை நாலரை மணிக்குச் சுப்ரபாதம் வைத்தால் அதற்குப் பெயர் தெய்வீகம். வாடகைக்கு இருக்கும் நான்கு பையன்கள் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாட்டுக் கேட்டால் அதற்குப் பெயர் காலித்தனம். கலியாண வீட்டில் மேளமும் நாயனமும் வாசித்தால் அது மங்கள வாத்தியம். அதே அளவுக்குப் பறை அடித்தால் அது இரைச்சல், அபசகுனம், ஜன்னலைச் சாத்து! இரண்டும் தோல் கட்டின கருவிதானே? மாட்டுத் தோலா ஆட்டுத் தோலா என்று காதுக்குத் தெரியுமா? தெரிகிறது காதுக்கல்ல, காதுக்குப் பின்னாலிருக்கும் ஜாதிக்குத்தான். எந்தப் பறையைத் தீட்டு என்று ஊர்க் கோடியில் தள்ளி வைத்தார்களோ, அதே பறையின்மேல் அடுக்குமாடியில் இப்போது சத்தம் என்று புகார் எழுதிக் கொடுக்கின்றார்கள். பெயர்தான் மாறியிருக்கின்றது.

ஆதலால் சத்தத்தை ஆளைப் பார்த்து நிதானிக்கக் கூடாது. அளவைப் பார்த்துத்தான் நிதானிக்க வேண்டும். அதற்கு அளவு இல்லாமல் இல்லை. துணிக்கு கஜமும் பாலுக்குப் படியும் இருக்கிற மாதிரி சத்தத்துக்கு டெசிபல் என்று ஒன்று இருக்கின்றது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 50 டெசிபலுக்கும் 60 டெசிபலுக்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. பத்து ஏறினால் சத்தத்தின் வலு பத்து மடங்கு ஆகிவிடும். நம் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாய்க் கேட்கும். 2000-ம் வருஷம் பிப்ரவரியில் இந்திய சர்க்கார் வெளியிட்ட சத்த மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் இருக்க வேண்டும். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. கடைவீதியானால் 65-ம் 55-ம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு முதலியவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்கு இன்னும் குறைவு, 50-ம் 40-ம். படுக்கிற அறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போனால் தூக்கம் கெடும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் சொல்லியிருக்கின்றது. இந்த எண்களில் எங்கேயாவது கோத்திரம் கேட்டிருக்கின்றதா? சொந்த வீட்டுக்காரனுக்கு ஒரு அளவு, வாடகைக்காரனுக்கு ஒரு அளவு என்று இருக்கின்றதா? ஒன்றுமில்லை.

மதம் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் நம் நாட்டிலேயே, சென்னையிலேயே தீர்ப்பு ஏற்பட்டிருக்கின்றது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி என்று ஒரு குடியிருப்பு. பக்கத்தில் ‘சர்ச் ஆப் காட்’ என்னும் கிறிஸ்தவர்களின் ஜெப மண்டபம். டிரம், கித்தார் முதலிய வாத்தியங்களும் ஒலிபெருக்கியும் வைத்து ஜெபம் செய்தார்கள். காலனிக்காரர்கள் 1996-ம் வருஷம் மே மாதம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினார்கள். பிறகு சென்னை ஹைகோர்ட்டு, அதற்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டு. சபையார் சொன்ன சமாதானம் இரண்டு. நாங்கள் சிறுபான்மையார், அதனால் எங்களை இம்சிக்கின்றார்கள் என்பது ஒன்று. ரோட்டில் போகிற வண்டிகளும்தான் சத்தம் போடுகின்றன என்பது மற்றொன்று. 2000-ம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்பீலைத் தள்ளிவிட்டது. அடுத்தவன் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்றோ, ஒலிபெருக்கியிலும் தம்பட்டத்திலும்தான் செய்ய வேண்டும் என்றோ எந்த மதமும் சொல்லவில்லை. பச்சைக் குழந்தைக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், வயதானவருக்கும், நோயாளிக்கும் அமைதிக்குப் பாத்தியம் உண்டு என்பதுதான் தீர்ப்பின் கருத்து.

இதைக் கேட்டவுடன் நம்முடைய இந்து பக்த சிகாமணிகள் கை தட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு எந்த மதத்தையும் பெயர் சொல்லி விலக்கி வைக்கவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற வாரத்தில் தெருவுக்கு நான்கு குழாய் கட்டுகிறதற்கும், மார்கழி விடியலில் பஜனை வைக்கிறதற்கும், மசூதிக்கும், கட்சிக் கூட்டத்துக்கும், நம்முடைய கூட்டத்துக்கும் எல்லாவற்றிற்கும் அது செல்லும். வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் பண்டிகைக் காலங்களில் இராத்திரி பன்னிரண்டு மணி வரை மாநில சர்க்கார் விலக்குக் கொடுக்கலாம் என்பதோடு சரி.

இந்த ஊர் பக்தர்களுக்கு நாம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகின்றோம். உங்கள் ஸ்தல புராணத்தின்படி சிவன் காளியோடு போட்டி போட்டு ஆடின இடம் இது. காரைக்காலம்மையார் பாடிய திருவாலங்காடு எப்பேர்ப்பட்ட இடம்? ஜனங்கள் குடியிருக்கிற வீதியா? இல்லை, பிணம் எரிகிற சுடுகாடு. பேயும் நரியும் கூச்சல் போடுகிற காடு. கதை மெய்யா பொய்யா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் கடவுளே அவ்வளவு ஆரவாரத்தோடு ஆடுவதற்கு ஊரைவிட்டுச் சுடுகாட்டுக்குப் போனார் என்று நீங்களே எழுதி வைத்துக்கொண்டு, அவர் பேரால் பிள்ளை தூங்குகிற ஜன்னலண்டை ஏன் குழாயைக் கட்டுகின்றீர்கள்? அவருக்கு இருந்த யோசனை கூட உங்களுக்கு இல்லாமல் போகலாமா?

நிற்க. சட்டம் இருக்கின்றது என்பதற்காக எடுத்த எடுப்பில் போலீசுக்குப் போ என்று நாம் சொல்ல வரவில்லை. லண்டன் பட்டணத்தில் சார்லஸ் பாபேஜ் என்று ஒரு பெரிய கணித மேதை இருந்தார். இன்றைய கம்ப்யூட்டருக்கு ஆதி தகப்பன் என்று அவரைச் சொல்லுகின்றார்கள். தெருவில் வாத்தியம் வாசித்துப் பிழைக்கிற ஏழைகளின் சத்தத்தால் தன் வேலை கெடுகிறதென்று வருஷக்கணக்காய்ச் சண்டை போட்டார். 1864-ல் தெரு வாத்தியக்காரர்கள்மீது ஒரு சட்டமே வந்தது. அவர் சொன்ன குறை வாஸ்தவந்தான். ஆனால் அதை அவர் சொன்ன விதம், கீழ்த்தர ஜனங்களின் ரசனை இது என்கிற இளக்காரமான விதம். அதன் பலன் என்ன? அக்கம்பக்கத்தார் அவரைச் சீண்டுவதற்காகவே வாத்தியக்காரர்களை அழைத்து வந்தார்கள். ஒரு தடவை அவர் வீட்டு வாசலில் ஒரு பித்தளை வாத்திய கோஷ்டி ஐந்து மணி நேரம் வாசித்ததாம்! எதிரியை மனிதனாக மதிக்காமல் கேட்கிற நியாயத்துக்கு எதிர்ச் சத்தந்தான் பதிலாக வரும்.

ஆகையால் முதலில் போய்ப் பேசுங்கள். சண்டை முற்றின இராத்திரியில் அல்ல. மறுநாள் பகலில், இருவருக்கும் நிதானம் இருக்கிறபோது. பெரும்பாலும் மேல்மாடிக்காரருக்குத் தம்முடைய சத்தம் கீழே எப்படிக் கேட்கிறதென்றே தெரியாது. காற்றில் வருகிற சத்தம் ஒன்று; கட்டடத்தின் உடம்பு வழியாய் வருகிற சத்தம் ஒன்று. பேச்சும் பாட்டும் முதல் ரகம். அதற்குக் கதவையும் ஜன்னலையும் சாத்தினால் பாதி குறையும். இரும்புக் கால் நாற்காலி, கிரைண்டர், துணி துவைக்கிற மெஷின், பிள்ளைகளின் ஓட்டம் ஆகியவை இரண்டாவது ரகம். கான்கிரீட் தளத்தில் தட்டினால் அந்த அதிர்ச்சி தூண் வழியாயும் சுவர் வழியாயும் ஓடி, இரண்டு மாடி தள்ளிக்கூடக் கேட்கும். அதனாலேயேதான் பல சமயம் குற்றம் செய்யாதவன் கதவைத் தட்டி வசவு வாங்குகின்றோம். எந்த வீட்டிலிருந்து வருகிறதென்று நிச்சயம் செய்துகொள்ளாமல் ஒருவரையும் குறை சொல்லக் கூடாது. வைத்தியமோ மிகவும் சுலபம். நாற்காலிக் காலுக்கு ரப்பர் பூட்டினால் சில ரூபாய்தான் செலவு. கிரைண்டருக்கும் மெஷினுக்கும் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு. பாட்டுப் பெட்டியைச் சுவரில் ஒட்டாமலும் தரையில் வைக்காமலும் கொஞ்சம் தள்ளி வைப்பது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் ஒரு கனமான ஜமக்காளம். கீழ் வீட்டுக்காரர் தாமே நான்கு ரப்பரை வாங்கிக்கொண்டு போய்ச் சிரித்த முகத்தோடு கொடுத்தாலும் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

பிள்ளைகள் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகின்றோம். கைக்குழந்தை அழுவதும், மூளை வளர்ச்சியில் வித்தியாசமுள்ள பிள்ளை கத்துவதும் குற்றமல்ல. அந்தத் தாய்க்கும் தூக்கம் இல்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வீட்டுக்குப் புகார்க் கடிதம் அனுப்புகிற சங்கத்தைப் போல் ஈரமில்லாத ஸ்தாபனம் வேறு இருக்க முடியாது.

பேசியும் கேட்காதவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் சட்டம். தேதியும் மணியும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்போனில் சத்தம் அளக்கிற வசதி இருக்கின்றது; அது சர்க்கார் கருவி அளவுக்குத் துல்லியமில்லை, ஆனாலும் புகாருக்கு ஒரு ஆதாரமாய் நிற்கும். தனியாய்ப் போவதைவிட அதே தொல்லைக்கு ஆளான இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே ஆகாவிட்டால் போலீசு இருக்கின்றது, கலெக்டர் இருக்கின்றார். ஒரு தனி வீட்டின் ஒலிபெருக்கிச் சத்தம், அந்த வீட்டு எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவுக்குமேல் ஐந்து டெசிபல்தான் கூடலாம் என்று 2005-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கின்றது. பொதுத் தொல்லை என்று ருசுவானால் 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தின் 292-வது பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் இருநூறு ரூபாய்தான் இருந்தது. பணக்காரனுக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டா என்றால் இல்லைதான். ஆனால் ஸ்டேஷனுக்குப் போய் வருகிற வெட்கம் இருக்கின்றதே, அது கொஞ்சம் வேலை செய்கின்றது.

சங்கம் என்றோம். இந்தச் சங்கங்கள் நியாயம் சொல்லுகிற லட்சணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பக்கத்துப் பழையனூரின் நீலி கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பேயும் கிடையாது, பழிவாங்குகிற பிறவியும் கிடையாது, அதை விட்டுவிடுங்கள். கதையில் வருகிற அந்த எழுபது வேளாளர் பஞ்சாயத்தைப் பாருங்கள். இவள் என் மனைவியல்ல, இவளோடு ஒரு வீட்டில் இருக்கப் பயமாயிருக்கின்றது என்று அந்த வணிகன் கதறுகின்றான். பஞ்சாயத்தார் விசாரித்தார்களா? கைக்குழந்தையும் கண்ணீருமாய் நின்ற ஒரு பக்கத்தின் தோற்றத்தைப் பார்த்தார்கள். புருஷன் பெண்சாதி சண்டை என்று தீர்மானித்தார்கள். கையிலிருந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு அவனை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். விடிந்து பார்த்தால் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்று அவர்களைப் புகழ்கின்றார்கள். பிற்பாடு தீயில் இறங்குகிறதைவிட முன்னாடியே ஒரு இராத்திரி அந்தக் கதவண்டை உட்கார்ந்து காது கொடுத்திருந்தால் எழுபத்தொரு உயிரும் மிஞ்சியிருக்குமே!

இன்றைய அடுக்குமாடிச் சங்கமும் இந்தப் பஞ்சாயத்துதான். மேல்மாடியில் ஒரு பெண் அடிபட்டு அலறுகின்றாள் என்றால், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளுகின்றார்கள். மறுநாள் சங்கக் கூட்டத்தில், பி பிளாக்கில் இராத்திரி சத்தம் அதிகம், அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டும் என்று நோட்டீசு ஒட்டுகின்றார்கள். அலறலும் சத்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது!

மேலே சொன்ன 2005-ம் வருஷத்துத் தீர்ப்பு எப்படிப் பிறந்தது என்பதைக் கேட்டால் இது விளங்கும். 1998-ம் வருஷம் ஜனவரி மாத ஆரம்பத்தில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பழித்தார்கள். அவள் உதவிக்குக் கூப்பிட்ட குரல், அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருந்த பாட்டில் அமுங்கிப் போய் யாருக்கும் கேட்கவில்லை. அன்று மாலையே அச்சிறுமி தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டு இறந்தாள். அதைப் படித்த ஒரு பொறியாளர் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட மனுவின் பேரில்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. சத்தம் போடுகிறவர்கள் என்ன கெடுதல் செய்துவிட்டோம், பாட்டுத்தானே வைத்தோம் என்று கேட்கின்றார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்தப் பாட்டை வைத்தவர்களும் ஒரு கெடுதலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆகையால் தோழர்களே, பக்கத்து வீட்டிலிருந்து வருவது சத்தமா, கூப்பிடுகிற குரலா என்று பிரித்து அறிகிற காது நமக்கு வேண்டும். குரல் என்றால் டெசிபல் பார்க்க வேண்டியதில்லை. போய்க் கதவைத் தட்டுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற சாக்கிலாவது தட்டுங்கள். அடிக்கிறவன் கை அந்த நிமிஷத்துக்காவது இறங்கும். தனியாய்ப் போகப் பயமிருந்தால் நான்கு பேராய்ப் போங்கள். 181 என்கிற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும், அவசரத்துக்கு 112. தாய்மார்கள் இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டுகின்றோம். அடிபடுகிறவளிடத்தில் பெரும்பாலும் போன் இருக்காது, அல்லது பிடுங்கி வைத்திருப்பான். போன் இருக்கிறது அடுத்த வீட்டிலுள்ள உங்களிடத்தில்தான்.

இன்னும் சொல்ல வேண்டியவை உண்டு. ஆனால் மணி ஒன்பதரை ஆகின்றது. சந்தேகம் கேட்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், எழுந்து நின்றும் கேட்கலாம். பத்தடிக்கு முன் இந்த ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லியிருக்கின்றோம். அதற்குமேல் கேள்வி மீதியிருந்தால், எல்லோரும் மேடையண்டை கிட்டவந்து உட்கார்ந்துகொள்ளுங்கள், வாயாலேயே பேசிக்கொள்ளலாம்.